செர்ட்-இன் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்: தடத்தைக் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள்

செர்ட்-இன் (சைபர் தாக்குதல்களைக் கையாளும் இந்திய அரசு அமைப்பு) தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகக் கல்லூரி நெட்வொர்க்குகளைப் பராமரித்து வருகிறேன். 2022 ஏப்ரல் 28 அன்று நீங்கள் பிறப்பித்த ஆணைக்குப் பின், 180 நாள் லாக்குகளை, அதாவது யார் எப்போது எங்கே இணைந்தார் என்ற கணினிப் பதிவுகளை, காத்து வைப்பதும் என் பொறுப்பாயிற்று. சைபர் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த யாரும் மறுக்கமாட்டார்கள். ஓரிடத்தில் நுழைந்தவனின் தடம் மற்ற இடங்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

அந்தத் தடத்தோடு சேர்ந்து வெளியே போகிறவற்றைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு ஒரு கல்வி நிறுவனம், தாக்குதல்களைக் கண்டறியும் ஆய்வுக்காக, ஒரு வார இணையப் பதிவுகளை வெளியாருக்குக் கொடுத்திருந்தது. கொடுத்த பிறகு என்னைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஐபி முகவரிகள் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் குறிக்கும் எண்கள்) எல்லாம் ஹாஷ் செய்யப்பட்டிருந்தன, அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடுகளாக மாற்றப்பட்டிருந்தன. ‘அடையாளம் நீக்கப்பட்டது’ என்று கோப்பின் முதல் வரியே சொன்னது. அந்த நிறுவனத்தின் உள் நெட்வொர்க் முகவரிகள் 10 என்று தொடங்குபவை. அப்படிப்பட்டவை மொத்தமே 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம்தான். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய மடிக்கணினிக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. எந்த அறைக்கு எந்த முகவரி என்ற அட்டவணை விடுதி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருந்தது.

ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. இரவு 2.10. பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி. தற்கொலைத் தடுப்பு உதவி மையம் ஒன்றின் தளப் பெயரை ஒரே கணினி நாற்பது நிமிடத்தில் ஏழு முறை கேட்டிருந்தது. உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை மறையாக்கம் காத்தது. எங்கே போனாள் என்பதை, தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சேவையின் பதிவு சொல்லிவிட்டது. அது எந்த அறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்கக் கூடாது. கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் எத்தனை பிரதிகள் போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த வரியால் எந்தத் தாக்குதலைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

வழி இல்லாமல் இல்லை. கிரிப்டோ-பான் என்ற முறை 2002 முதலே இருக்கிறது. ரகசியச் சாவி ஒன்றைக் கொண்டு முகவரிகளை மாற்றும். ஆனால் நெட்வொர்க்கின் ஒரே கிளையில் இருந்த முகவரிகள் மாற்றிய பிறகும் ஒரே கிளையில்தான் இருக்கும். ஒருவன் ஒரு கிளை முழுவதையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தால் அது அப்படியே தெரியும். தட்டப்பட்டது யாருடைய கதவு என்பது தெரியாது. இதுவும் முழுக் காப்பு அல்ல. வினோதமான வரிசையில் சில பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டுகளை) முன்கூட்டியே அனுப்பி வைத்து, பின்னர் வெளியான கோப்பில் அவற்றைத் தேடிப் பிடித்தால் அக்கம்பக்கத்து முகவரிகளையும் அவிழ்க்கத் தொடங்கலாம். அதனால்தான் சாவியை அடிக்கடி மாற்றுவதும், பதிவுகளில் உள்ள நேரத்தைச் சற்றே கலைப்பதும், பெறுபவரிடம் எழுத்தில் உறுதி வாங்குவதும் வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆணை லாக்குகளை ஒப்படைக்கச் சொல்கிறது. எதை மறைத்து ஒப்படைக்கலாம் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். பாக்கெட்டின் உள்ளடக்கமும், தாக்குதலோடு தொடர்பில்லாத டிஎன்எஸ் பெயர்களும் நிறுவனத்தின் வாசலைத் தாண்டவே கூடாது. தாக்கிய முகவரியைக்கூட எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியபோது தாக்கியவை பெரும்பாலும் ஒன்றுமறியாத மனிதர்களின் கேமராக்களும் ரௌட்டர்களும்தான். முடிந்த இடங்களில், தேட வேண்டிய தாக்குதல் அடையாளங்களை எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் லாக்கில் நாங்களே தேடி, கிடைத்ததை மட்டும் தருகிறோம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். 2023 நவம்பரில் உங்கள் அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கொடுத்த லாக் யார் கையில், எத்தனை நாள் இருக்கிறது என்று அந்த மாணவி கேட்க நினைத்தாலும் இனி அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்பதை நீங்களாகவே அறிவிக்க வேண்டும்.

வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். எங்கள் கல்லூரி லாக்கில் அதைச் சோதித்து, எங்கே கசிகிறது என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி நெட்வொர்க் நிர்வாகி ஒருவர்