லினக்ஸில் ஏன் விளையாட்டுகள் குறைவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் முதலில் கேட்டது, "அப்பா, இதுல கேம் ஓடுமா?" என்பதுதான். "லினக்ஸ் அதற்கு லாயக்கில்லை" என்றே கடைக்காரர்கள் பலரும் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக அதிலேயே வேலை செய்து வருபவன் என்ற முறையில், இது சரியன்று என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டை உருவாக்குபவர்கள் திரையில் காட்சிகளை வரைவதற்கு ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல் தொகுப்புகளையே நம்பியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 1995-இல் விண்டோஸுக்கென்று கொண்டுவந்த டைரக்ட்எக்ஸ் அவற்றுள் முதன்மையானது. அதைக் கொண்டு எழுதிய விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவர வேண்டுமானால், காட்சி வரையும் பகுதியைப் பெருமளவு மாற்றி எழுதி, முழுவதையும் மறுபடி சோதித்து, பிறகு வரும் புகார்களுக்கும் ஆள் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அச்செலவுக்கு ஈடாக வாங்குவோர் அங்கில்லை. விளையாட்டுகள் இல்லாததால் புதிதாக வருவோரும் இல்லை. பிறர் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றித் தருவதையே தொழிலாகக் கொண்டு 1998-இல் தொடங்கிய லோக்கி என்ற அமெரிக்க நிறுவனம் 2002-இல் மூடப்பட்டதற்கு, இந்தச் சிறிய சந்தையும் ஒரு காரணம்.

இந்நிலையைப் பெரிதும் மாற்றியது, ஸ்டீம் என்ற இணையவழி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள். விளையாட்டு டைரக்ட்எக்ஸிடம் கேட்பதை, லினக்ஸுக்குப் புரியும் வல்கன் என்ற மற்றொரு தொகுப்பின் கட்டளைகளாக அது ஓட்டத்திலேயே மாற்றிவிடுகிறது. விண்டோஸுக்கு மட்டுமே வெளிவந்த கார்ப் பந்தயம் ஒன்றை என் மகன் அதன் வழியாகத்தான் தடங்கலின்றி ஆடுகிறான்.

ஆனால், அவன் ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய இணையவழிப் போர் விளையாட்டு ஒன்றில் முகப்புத் திரை வந்தது, இசையும் ஒலித்தது. ஆட்டத்தில் சேர்ந்த அரை நிமிடத்தில் ஒற்றை வரி அறிவிப்போடு அவனை வெளியேற்றிவிட்டது. கள்ளாட்டம் ஆடுவோரைப் பிடிக்கும் மென்பொருள் லினக்ஸை ஏற்கவில்லையாம். அத்தகைய மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்துவிட்டன. ஆனாலும், அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்த விளையாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலை (கெர்னல்) யாரும் திருத்தலாம் என்பதால் கள்ளாட்டத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்று மறுப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்படி மறுப்பவர்கள், வாங்கும் பக்கத்திலேயே, விலைக்கு அருகில் அதைத் தெளிவாக எழுதட்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு வெளியேற்றுவது முறையன்று.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய விளையாட்டுகளை அறிமுகம் செய்யும்போது, அது லினக்ஸில் ஓடுமா, ஓடாதெனில் எதனால் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.