பழைய மண்டபத்தை இடித்த கணக்கு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகமும் நிறைவடைந்துவிட்டது. புதிய அன்னதானக் கூடத்தில் பந்தி நடக்கிறது. வெளிப்பிராகாரத்தில் இப்போது மழைநீர் தேங்குவதில்லை. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக்குழுவில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது வேறு கேள்வி: பழைய மண்டபத்தை இடித்தீர்களே, அந்த இடிபாடெல்லாம் எங்கே போனது?

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். இடிக்கும் வேலையை எடுத்தவரின் மதிப்பீட்டில் "ரப்பீஸ் அள்ளுதல்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முதல் நாள் ஜேசிபி வந்து முன்பக்கச் சுவரைச் சாய்த்தது. செங்கல், கான்கிரீட், பொய்க்கூரையின் பிளாஸ்டர் பலகை, ஒயர் எல்லாம் ஒரே குவியலாகி லாரி ஏறின. மறுநாள் காலை ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. ஏரிக்கரையில் கொட்டிக் கிடந்த குப்பையின் உச்சியில் "உபயம்" என்று எழுதிய கல்லின் பாதித் துண்டு. மீதிப் பாதியில்தான் உபயதாரரின் பெயர் இருந்தது. அனுப்பியவர் அவருடைய பேரன்.

முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயிலை இடித்துக் கட்டச் சொன்னபோது, சுவரில் இருக்கும் கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆணையிட்டான். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு தோன்றிய யோசனை, கையில் போனோடு நின்ற எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றே வேலையை நிறுத்தினோம். கொட்டிய லோடைத் திருப்பி அள்ள வைத்தோம். அதற்கான செலவு கணக்கில் தனி வரியாகவே இருக்கிறது, மறைக்கவில்லை. அப்புறம்தான் சட்டத்தைப் படித்தோம். அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டு கட்டடக் கழிவு விதிகளின்படி, ஒரு நாளில் 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ தாண்டினால் முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரிக்கவும் வேண்டியிருந்தது. 20 டன் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும்; பெரிய டிப்பர் இரண்டு நடை அடித்தாலே தாண்டிவிடும்.

மீதியை ஜேசிபி இல்லாமல், மேலிருந்து கீழாக, ஆட்களை வைத்துக் கழற்றினோம். பத்து நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. அதற்காக வாங்கிய திட்டும் கொஞ்சமல்ல. ஆனால் மண்டபத்தின் பழைய பகுதி மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை. தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பில் கட்டிய செங்கலைக் கரண்டிக் காம்பால் ரெண்டு தட்டு தட்டினால் காரை பொடியாக உதிர்ந்துவிடும், கல் முழுசாகக் கையில் வரும். பின்னால் சிமெண்டில் கட்டிச் சேர்த்த பகுதியில் அது நடக்கவில்லை. அங்கே காரை விடாது, செங்கல்தான் உடையும். உடையாமல் வந்தது மதில் சுவருக்குப் போனது. தேக்கு உத்தரங்கள் கூடத்தின் கதவும் நிலையும் ஆயின. கம்பியைக் காயலான் கடைக்குப் போட்டோம்.

உடைந்த செங்கலை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாலு பெண்கள் ஜல்லியாக உடைத்தார்கள். அது கூடத்தின் மொட்டைமாடிக்குப் போனது. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்பது பழைய பொதுப்பணித்துறைக் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்தார்கள். அந்த மூன்று நாளும் பிராகாரம் முழுக்க வெல்ல வாசம். எறும்புதான் தாங்க முடியவில்லை. மேலே தட்டோடு பதித்தாகிவிட்டது. இந்த மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கான்கிரீட்டை நாமே உடைக்க முடியாது. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவு ஆலைகள் இருக்கின்றன. நமக்குப் பக்கம் பெருங்குடி, அங்கே அனுப்பினோம். இப்படிப்பட்ட ஆலையில் காந்தம் கம்பியை இழுத்துவிடும், கான்கிரீட் நொறுங்கிச் சல்லடையில் ஜல்லி வேறு, மணல் வேறாகப் பிரியும். பிராகாரத்தில் பதித்த பேவர் பிளாக்கும் அதன் அடியில் போட்ட ஜல்லியும் அப்படி மறுசுழற்சியில் வந்தவைதான்.

"சாமி இடத்துக்குப் போய்ப் பழைய ஜல்லியா? தாங்குமா?" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த ஜல்லியில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருப்பதால் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். முதலில் நனைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை (2016), எம்-25 வரையிலான (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்) கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை இதை அனுமதிக்கிறது. எம்-15க்குக் கீழான கான்கிரீட்டில் முழுக்கவே போடலாம். நாங்கள் தரைக்கு அடியில் போடும் கான்கிரீட்டோடு நிறுத்திக்கொண்டோம். தூண், தளம் எதிலும் கலக்கவில்லை. சன்னிதிப் பக்கம் எதுவும் போகக்கூடாது என்று ஸ்தபதி சொன்னார், போகவில்லை. கழிப்பறையை இடித்த ஓடும் பீங்கானும் கோயிலுக்குள் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம், கேட்டவர்களுக்காக.

இரண்டு பொருள் எதற்கும் உதவவில்லை. ஒன்று, முதல் நாள் கலந்துபோன அந்த லோடு. பிளாஸ்டரில் இருக்கும் ஜிப்சம் சிமெண்டுக்கு ஆகாது, கான்கிரீட்டை உள்ளிருந்தே கெடுக்கும். பொறுக்கிப் பார்த்தோம், முடியவில்லை. இன்னொன்று சைக்கிள் நிறுத்தத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதனால் உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றித் தார்ப்பாயில் சுற்றி, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்தோம்.

உபயக் கற்கள் மீதி இருந்தவற்றைப் படமெடுத்து, எண் போட்டுப் பெயர்த்து, கூடத்தின் தெற்குச் சுவரில் பதித்திருக்கிறோம். ஏரிக்கரையிலிருந்து வந்த பாதிக் கல்லும் அங்கேதான் இருக்கிறது. மறு பாதி கிடைக்கவே இல்லை. புதுக் கல் வெட்டித் தருகிறோம் என்றோம். பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் பெயரை மட்டும் பொறித்தால் போதும் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்தாயிற்று.

முழுச் செங்கல் சுமார் நானூறு கிணற்றடியில் மிச்சம் அடுக்கியிருக்கிறது. துளசி மாடம், தோட்டத்துப் பாத்தி என்று வேண்டுபவர்கள் அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டு எடுத்துப்போகலாம். வண்டி உங்களுடையது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்