காப்பகம் கட்டுவது இருக்கட்டும், வீட்டில் ஒரு மூலை கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி தெருநாய்கள் பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் போன வாரம் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒருவர் எல்லா நாய்களையும் பிடித்து ஊருக்கு வெளியே அடைக்கச் சொல்கிறார், இன்னொருவர் அரசாங்கம் பெரிய காப்பகமாகக் கட்டித் தரட்டும் என்கிறார். ஒருவருக்கு நாய் பிடிக்காது, மற்றவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நாய் நம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சிதான்.

நான் சில வருடங்களாக ஃபாஸ்டர் செய்கிறேன். அடிபட்ட நாய், தாயை இழந்த குட்டி, யாரோ வீட்டைக் காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போன பூனை, இப்படி ஒன்றை வீட்டில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து, தேறியதும் நிரந்தரமாக வளர்க்கப்போகிறவர்களிடம் கொடுத்துவிடுவது. வளர்ப்பது வேறு, இது வேறு. நம் ஊரில் நாய் மேல் பிரியம் உள்ளவர்களுக்குக் குறைச்சலே இல்லை, நான்கு ரோட்டில் டீக்கடைக்குக் கடை பிஸ்கட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வாரம் ஒரு மூலையைக் கொடுக்கிறேன் என்று சொல்லும் வீடுகள்தான் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் காப்பகம். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் சின்னக் குட்டிகளுக்கு அதைவிட ஆபத்தான இடம் குறைவு. நிறைய குட்டிகள் இருக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் தடுப்பூசி போடாத மற்றவற்றுக்கும் வரும், வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்று இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. பினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வேண்டும். அதே குட்டி ஒரு வீட்டின் வராண்டாவில் தனியாக இருந்தால் பிழைக்கிற வாய்ப்பே வேறு. அப்புறம், கூட்டத்தில் குரைத்துக்கொண்டே வளர்ந்த நாயைவிட மிக்ஸி சத்தம், காலிங்பெல், சின்னப் பிள்ளைகள், மாடிப்படி எல்லாம் பழகிய நாயைத்தான் ஜனங்கள் தைரியமாக வாங்கிப்போகிறார்கள்.

எல்லாவற்றையும் பிடித்து அடை என்பவருக்கு ஒரு வார்த்தை. 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் என்ன சொல்கின்றன என்றால், தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் அதைத்தான் திரும்பச் சொன்னது, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமாகக் கடிக்கிறவையும் மட்டும் விலக்கு. பிறகு நவம்பர் 7-ம் தேதி பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. ஆகஸ்ட் உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த பிறகு அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அதாவது நாயை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு வழி சட்டப்படியே திறந்திருக்கிறது. ஆனால் தெருவில் வளர்ந்த நாயை நேராக வீட்டுக்குள் கொண்டுபோனால் பாதி நாய்கள் சுவர் ஏறிக் குதித்து ஓடப் பார்க்கும். நடுவில் பழக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஃபாஸ்டர் என்பது அந்த நடு ஆள்தான்.

சரி, வீட்டில் என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். பயன்படுத்தாத குளியலறை, மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம், கதவுள்ள வராண்டா, இதில் ஏதோ ஒன்று. வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால், அதற்குத் தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும், புதிதாக வந்ததை இரண்டு வாரம் அதோடு சேர்க்கக் கூடாது, தட்டு, துணி எல்லாம் தனி. சொறி பிடித்த நாய் என்றால் மனிதருக்கும் அரிப்பு வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரைச் சுத்தம் செய்யும்போதும் அப்படித்தான், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் பரவும். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது இந்த வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் கட்டாயம் என்றே சொல்வேன், குட்டிதானே என்று அலட்சியம் கூடாது, குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஊசி அங்கே இலவசம். மஞ்சள் தூள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம், தயவுசெய்து.

குட்டிகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சாவது அவைதான், அதில் பல நல்ல மனசுக்காரர்களின் கையில்தான். மழை முடிந்து பனி தொடங்கும்போது தெருவுக்குத் தெரு குட்டிகள் கத்தும். பார்த்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும், நீங்கள் அங்கே நிற்பதைப் பார்த்து வராமல் இருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வந்துவிட்டால் அதற்குச் சோறு வைப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. நாய்க்குட்டி எட்டு வாரம் வரைக்குமாவது தாயோடு இருப்பது நல்லது, உடம்புக்கு மட்டுமில்லை, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்வதே தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான்.

தாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது, வேறு வழியில்லை என்றால் எடுத்து வரலாம். நம் மாவட்டத்தை நெடுக்காக வெட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் வரை நான்குவழிச் சாலை போகிறது, அதனால் இப்படி வருகிற குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. கொண்டுவந்ததும் எல்லோரும் செய்வது உடனே பாலைப் புகட்டுவது. உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் சூடு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு கதகதப்பானதும்தான் ஆகாரம். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும், பூனைக்குட்டிக்கு இன்னும் மோசம், மருந்துக் கடையிலும் நாய் பூனை உணவு விற்கும் கடையிலும் கிடைக்கும் குட்டிகளுக்கான பால் பவுடர்தான் சரி. குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்து, தலையைக் கொஞ்சம் மட்டும் தூக்கினாற்போல். கண் திறக்காத குட்டி என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும், தாய் நக்கிவிடுகிற வேலையை நாம் செய்கிறோம். இதற்கு நேரமில்லாதவர்கள் கண் திறக்காத குட்டியை ஏற்காதீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதம் தாண்டிய குட்டி, கால் கட்டுப்போட்ட பெரிய நாய், கருத்தடை முடிந்து தையல் ஆறவேண்டிய நாய் என்று சுலபமானவை நிறைய இருக்கின்றன. வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பூனை வசதி. ஒன்றே ஒன்று, பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் செத்துவிடும், பினாயில் போட்டுத் துடைத்த தரையும் அதற்கு ஆகாது.

கிளி, மயில் குஞ்சு, ஆமை, குரங்குக் குட்டி கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை, வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒகேனக்கல் பக்கத்துக் காட்டில் இருந்து இறங்கி வருகிறவை இங்கே அதிகம், பாவம் பார்த்து வளர்த்தவர்கள்தான் பிறகு அபராதம் கட்டுகிறார்கள்.

தேறிய குட்டியை அனுப்புவது அடுத்த பாடு. போன் செய்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதுதான். பொட்டைக் குட்டி என்றால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் ஆண் வரும்போது சொல்லுங்கள் என்பார்கள். சாக்கடை ஓரத்திலும் குப்பைத்தொட்டியிலும் கிடைக்கும் குட்டிகள் பெரும்பாலும் பெண்ணாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிதா என்று கேட்க நாக்கு துடிக்கிறது, விட்டுவிடுகிறேன். கருத்தடை செய்துவிட்டால் குட்டி போடும் தொல்லை இல்லை, காவலுக்கும் பாசத்துக்கும் பெண் நாய் ஒன்றும் குறைந்ததில்லை, ஆண் மாதிரி ஊர் சுற்றவும் போகாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த போன் மறுபடி ஆணா என்றுதான் ஆரம்பிக்கும்.

கொடுக்கும்போது கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. சங்கிலியில் கட்டியே போடுவீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டு ஓனருக்குத் தெரியுமா, உரிய வயதில் கருத்தடை செய்வீர்களா. இதற்குக் கோபப்படுகிறவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அனுப்பும்போது அழுகை வரும்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பிரிய மனமில்லாமல் வைத்துக்கொண்டே போனால், வீடு நிறைந்து, செலவு தாங்காமல், அடுத்ததற்கு இடமில்லாமல், அந்த வீடும் ஒரு நெருக்கடியான காப்பகமாகிவிடும். நாய் மேல் உயிரையே விடுகிறேன் என்பவரைவிட, இப்போது இடமில்லை என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் நீடிக்கிறார், இது என் அனுபவத்தில் கண்டது.

அந்த இல்லையைச் சொல்ல விடாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாய் பார்க்கிற வீடு என்று தெரிந்தால் போதும், ராத்திரி கேட்டில் சாக்கில் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். கேட்டால், உங்களுக்குத்தான் பிடிக்குமே. அக்கம்பக்கத்தவர் கோபத்தில் பாதி நியாயம் என்பேன், ராத்திரி முழுக்கக் குரைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது, அதனால் குரைக்கிற நாயை நான் மாடியில் விடுவதில்லை. ஆனால் என் தெருவிலேயே தன் லாப்ரடாரை வயதாகிவிட்டது என்று பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டு வந்த ஒருவர்தான், நான் தெருவை அசிங்கப்படுத்துகிறேன் என்று புகார் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அந்த நாய்க்கு இப்போது பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் நல்ல வாழ்வு. அவருக்கு இது தெரியாது, இந்தப் பகுதியைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

நகராட்சிக்கு என் கோரிக்கை சின்னது. கருத்தடைத் திட்டத்தோடு ஒரு பதிவேடும் வைக்கட்டும், தையல் ஆறும்வரை ஒரு நாயையோ, தாயில்லாத இரண்டு குட்டிகளையோ வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிற வீடுகளின் பட்டியல். மருந்தையும் தடுப்பூசியையும் அவர்கள் கொடுக்கட்டும், இடத்தையும் சோற்றையும் நாங்கள் கொடுக்கிறோம். இங்கே கால்நடை மருத்துவர்கள் மாட்டையும் ஆட்டையும் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கிறார்கள், அது நியாயமும்கூட, விவசாயிக்கு மாடுதான் சோறு. ஆனால் முறிந்த எலும்புக்கு பிளேட் வைக்க வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூருக்கோ காரில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மாலை, மாவட்டத் தலைநகரில் நாய் பூனைக்கு என்றே ஒரு நேரம் ஒதுக்கினால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

உங்களிடமும் ஒன்று கேட்கலாமா? ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், வீடு தேடும் நாய் பூனைகளுக்கு. படம், வயது, ஆணா பெண்ணா, தடுப்பூசி, கருத்தடை ஆயிற்றா, எந்த ஊர், இவ்வளவு போதும். இலவசம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அதைப் பார்த்து வருகிறவர்களில் சிலர் வளர்க்க வருவதில்லை. முதல் வாரத்துக்கு ஆள் தேட வேண்டாம், இப்போது என் வீட்டில் ஒரு கறுப்புப் பெண் பூனை இருக்கிறது, கருத்தடை முடிந்தது, ஊசி போட்டாயிற்று, எலி பிடிக்கும், யாரையும் மதிக்காது. படம் அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் ரோடு, தருமபுரி.