விற்கும் ஊர் எது என்பதை முதலில் முடிவு செய்

காரைக்குடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணாமலைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. மீனாள் மேற்படிப்புக்காக ஜெர்மனி போகிறாள், மடிக்கணினியை இங்கேயே வாங்கிக் கொடுத்தனுப்புவதா, அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொல்வதா, எந்த விசைப்பலகை கொண்டதை வாங்கினால் படிப்பு முடிந்த பிறகு நல்ல விலைக்குத் தள்ளலாம் என்று கேட்டிருந்தாய். உடனே எழுதாதது என் தவறு. விசையில் பொறித்த எழுத்துக்கும் விற்கும் விலைக்கும் பெரிய தொடர்பு இருக்காது என்று நினைத்துத் தள்ளிப்போட்டுவிட்டேன். சென்ற வியாழக்கிழமை 10,000 ரூபாய் இழந்த பிறகுதான் நீ கேட்டதன் அருமை தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். வீட்டு ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சோமுவின் மகளுக்குத் தேவகோட்டையிலேயே இடம் அமைந்துவிட்டது; நீ அன்று சொன்னபடியேதான் நடந்தது, ஆனால் அதை அவனிடம் நினைவூட்டிவிடாதே.

என் மகன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வாங்கி, மூன்று ஆண்டுகள் பயன்படுத்தி, சென்ற பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினி உனக்கு நினைவிருக்கும். பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்களை நான் அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பெரிய திரை வேண்டும் என்பதற்காக அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்க முடிவு செய்தேன். அதே வகைக் கருவி, அதே வயது, 34,000 ரூபாய்க்கு விலை போவதை விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் திரையைப் பார்த்தார், மின்கலத்தைச் சோதித்தார், கீலைத் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியாக, விசைகளைப் பார்க்காமலே தன் கடையின் பெயரைத் தட்டினார். ஒய் வர வேண்டிய இடத்தில் இஸட் வந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்து, "அண்ணே, இது வெளிநாட்டு கீபோர்டு" என்றார்.

அமைப்புகளுக்குள் போய் மொழியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினேன். எழுத்துகள் சரியாகவே விழுந்தன. அதற்கு அவர், "உங்களுக்குத் தெரியும், வாங்குற பையனுக்கு விசையில ஒண்ணு எழுதியிருக்கும், திரையில வேற ஒண்ணு வரும். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. 22,000 என்றார். வேறொரு கடையில் 24,000 கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. தான் வாங்குவதைத் தானும் விற்றாக வேண்டியவர் கேட்கும் விலை அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாட்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விசைப்பலகையில் சாயம் ஒன்று, மரம் ஒன்று என்று இரண்டு உண்டு என்பதைப் புரிந்துகொண்டேன். விசையின் மேல் பொறித்த எழுத்து சாயம். நாம் எந்த இடத்தில் அழுத்தினோம் என்பது மட்டுமே கணினிக்குப் போகிறது. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் அமைப்பு முடிவு செய்கிறது. ஜெர்மன் மொழியில் இஸட் அடிக்கடி வரும், ஒய் அரிதாகவே வரும். ஆகவே அவர்கள் அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பலகையில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் இரட்டைப் புள்ளியிட்ட ஓ இருக்கிறது, அதன் பக்கத்தில் புள்ளியிட்ட ஏ, மேலே புள்ளியிட்ட யு. இவற்றையெல்லாம் ஒரு நிமிடத்தில் மென்பொருளால் மாற்றிவிடலாம்.

மரம் என்பது விசைகளின் வடிவமும் எண்ணிக்கையும். ஐரோப்பியப் பலகையில் என்டர் விசை இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்கும். இடது ஷிஃப்ட் குட்டையாக இருக்கும். அந்தக் குட்டை ஷிஃப்டுக்கும் முதல் எழுத்துக்கும் நடுவில் கூடுதலாக ஒரு விசை இருக்கும். அமெரிக்கப் பலகையிலும், நம் நாட்டில் வழக்கமாக விற்பதிலும் என்டர் ஒரே வரிசையில் படுத்திருக்கும், இடது ஷிஃப்ட் நீளமாக இருக்கும். இதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. மூன்று மாதங்கள் நான் ஷிஃப்டை அழுத்துவதாக எண்ணி அந்தக் கூடுதல் விசையை அழுத்தி, ஐயாவின் கடிதங்களுக்கு நடுவே வேண்டாத குறிகளைச் சேர்த்து, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிலையோடு கிடைக்கும் தேக்குக் கதவுக்கு ஒரு விலை, நிலை இல்லாத கதவுக்கு வேறு விலை என்பதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். கதவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்குகிறவர் வீட்டு நிலைக்குப் பொருந்த வேண்டும் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

எனவே மீனாளுக்கு எந்தப் பலகை என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கருவி எந்த ஊரில் விற்கப்படும் என்று கேட்க வேண்டும். ஜெர்மன் பலகைக்கு ஜெர்மனியில் ஒரு குறையும் இல்லை. அங்கே அதுவே எல்லாரும் எதிர்பார்ப்பது. அதே பலகை காரைக்குடியிலோ கோயம்புத்தூரிலோ விலையைக் குறைக்கும். லண்டனில் வாங்கியதற்கும் கொஞ்சம் குறையும். அங்கே மேற்கோள் குறியும் மின்னஞ்சலில் வரும் அட் குறியும் இடம் மாறியிருக்கும், 3 என்ற விசையில் பவுண்டு குறி இருக்கும். பிரெஞ்சுப் பலகையை நினைத்தே பார்க்காதே. அதில் எண்களை எழுதுவதற்கே ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். துபாயிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவருபவை இவ்வளவு அடி வாங்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் தத்தம் இடத்திலேயே இருக்க, அரபு எழுத்துகள் ஓரத்தில் கூடுதலாக நிற்கின்றன. பார்வைக்கு நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளில் படிப்பை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள், அதற்குப் பின் அவள் தம்பிக்கோ வேறு யாருக்கோ அது போகும் என்று நீ எழுதியிருந்தாய். அப்படியானால் இங்கேயே வாங்கிக் கொடுத்தனுப்பு. ஒருவேளை அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டால், அதை விற்கும் நேரத்தில் கருவிக்கு நான்கு வயதாவது ஆகியிருக்கும். அந்த வயதில் எந்தப் பலகையானாலும் விலை இறங்கித்தான் இருக்கும். அப்போதும் நம் நாட்டிலிருந்து புதிதாகப் போய் இறங்கும் மாணவர்கள் இந்தப் பலகையைத்தான் தேடுவார்கள்.

ஜெர்மன் மொழி பயில்வதற்கு ஜெர்மன் பலகைதான் ஏற்றது என்று மீனாள் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விண்டோஸில் 'யுஎஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தேர்ந்துகொண்டால், வலப்பக்க ஆல்ட் விசையோடு க்யூ, பி, ஒய், எஸ் ஆகியவற்றை அழுத்தி அந்த மொழிக்குக் கூடுதலாக வேண்டிய நான்கு எழுத்துகளையும் எழுதிவிடலாம். அதைவிட முக்கியமானது அவள் படிக்கப் போவது கணினி அறிவியல் என்பது. நிரல் எழுதுகிறவருக்கு நெளிவு அடைப்புக்குறி நாள் முழுவதும் வேண்டும். நம் பலகையில் அது பி எழுத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் பலகையில் வலப்பக்க ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 7, 0 என்று எட்டிப் போக வேண்டும். பல்கலைக்கழகக் கணினிகளில் அவர்கள் பலகைதான் இருக்கும், அதற்கு அவள் விரல் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஜெர்மன் பலகையையே வாங்கிவிட்டு, விற்கும்போது ஒட்டுத்தாள் ஒட்டிவிடலாமே என்ற உன் யோசனையைக் கைவிடு. ஒட்டுத்தாள் விசைக்கு அடியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைக்கிறது. நாளடைவில் ஓரம் சுருண்டு பசை வெளியே வருகிறது. வாங்க வருகிறவருக்கு அதைப் பார்த்ததுமே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்ற ஐயம் வந்துவிடுகிறது. பலகையையே மாற்றுவதும் எல்லாக் கருவியிலும் எளிதன்று. திருகைக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரிகள் உண்டு. மெல்லிய கருவிகள் பலவற்றில் பலகை மேல்மூடியோடு சேர்ந்தே இருப்பதால் மூடியையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவில் நீ கணக்குப் பார்த்த லாபம் கரைந்துவிடும்.

கடலை வாங்கினாலும் படியை இரண்டு முறை அளக்கச் சொல்கிறவன் நீ என்பதால் ஒரு கணக்கும் எழுதுகிறேன். நான் இழந்த 10,000 ரூபாயை இரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது 730 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 14 ரூபாய்கூட வரவில்லை. ஜெர்மன் பலகைதான் அவள் வேலைக்கு உண்மையிலேயே வசதி என்றிருந்தால், அந்த 14 ரூபாயைப் பாராமல் அதையே வாங்கிக் கொடு என்றுதான் எழுதியிருப்பேன். நாள்தோறும் எட்டு மணி நேரம் அதன் முன்னால் உட்காரப் போகிறவள் அவள். என்றோ ஒரு நாள் வரப்போகிற யாரோ ஒருவருக்காக அவள் விரல்கள் கஷ்டப்படக் கூடாது. நல்ல வேளையாக, அவளுக்கு எது வசதியோ அதுவே விற்பதற்கும் ஏற்றதாக இருக்கிறது.

எனக்கு அப்படி எளிதாக முடியவில்லை, அண்ணாமலை. புதிய கருவியில் ஆங்கிலத்தோடு தமிழ் எழுத்துகளையும் பொறித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பெரும் ஆசை இருந்தது. நம் மொழிக்கு நம் எழுத்தே விசையில் இல்லாமல் இருப்பது எனக்கு மனக்குறைதான். 2010 ஜூலையில் உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறி ஏற்கப்பட்டது. இன்று இங்கே விற்கும் கருவிகள் பலவற்றில் அது 4 என்ற விசையின் ஓரத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு குறிக்குக் கிடைத்த இடம் நம் எழுத்துகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொள்வேன். ஆனால் பொறித்து வாங்கினால் அதைத் தமிழ் தட்டுகிறவர் மட்டுமே விரும்பி வாங்குவார். மற்றவருக்கு அது ஏற்கனவே யாரோ கைவைத்த பொருளாகத் தெரியும்.

இந்தக் குழப்பத்தில்தான் நம் டைப்ரைட்டிங் மாஸ்டர் நினைவுக்கு வந்தார். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று தாளம் போல நாம் அடித்துக்கொண்டிருந்த அந்த மாடி அறையில், விசைகளைப் பார்க்கிறோம் என்று கண்டதும் அவர் நம் கைகளின் மேல் துண்டைப் போர்த்திவிடுவார்; வெற்றிலைப் பெட்டிச் சம்பவம் நடந்ததும் அந்தத் துண்டால்தான். அன்று ஆங்கிலத்தைப் பார்க்காமல் அடித்த விரல்கள் இன்று தமிழையும் அப்படி அடிக்கும் என்று தோன்றியது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கின்றன. 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 விசைகளை விரல் அறிந்துகொண்டால் 247 எழுத்தும் வந்துவிடும். ஹெச் இருக்கும் இடம் க, அதன் பக்கத்தில் ப, ம, த, ந. அந்த ஜெர்மன் பலகையில் புள்ளியிட்ட ஓவின் மேல்தான் நான் இத்தனை நாளும் ந அடித்திருக்கிறேன், விரல் ஒரு நாளும் தடுமாறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைத் தடுமாறச் செய்தது அந்தக் குட்டை ஷிஃப்ட் ஒன்றுதான்.

ஆகவே தமிழ் பொறிக்காத, நீளமான ஷிஃப்ட் உள்ள சாதாரணப் பலகையையே வாங்கிவிட்டேன். நேற்று ஐயாவின் 17 ஆவது கடிதத்தை அதில் தட்டி முடித்தேன். உங்கள் ஐயாவைப் பற்றியும் அதில் இரண்டு வரி இருக்கிறது. அடுத்த கடிதத்தில் முழுமையாக எழுதி அனுப்புகிறேன்.

மீனாள் புறப்படும் தேதியைத் தெரியப்படுத்து. கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போ. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், திறந்து வைத்து இடது ஷிஃப்டையும் என்டரையும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, நான் பார்த்த பிறகு பணத்தைக் கட்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்