கடவுள் சொல்ல மனிதன் எழுதினானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மறைநூல்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடவுள் சொன்னார், மனிதன் எழுதிக்கொண்டான், எல்லா மதத்திலும் இதே கதைதான் என்று கட்டுரையாளர் சுலபமாக முடித்துவிட்டார். நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அவர் தைத்த சட்டை குர்ஆனுக்கு மட்டும்தான் ஓரளவு பொருந்தும்.

கி.பி. 610-ல் ஹிரா குகையில் தொடங்கி ஏறத்தாழ 23 ஆண்டுகள் வானவர் ஜிப்ரீல் வழியாக முகம்மது நபிக்குச் சொல்லுக்குச் சொல் இறங்கிய வஹீ, அதாவது இறைச்செய்தி, குர்ஆன் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. கிறிஸ்தவத்தில் அப்படியா? கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்றுதான் லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்குகிறார். தூய ஆவியின் ஏவுதல் உண்டு, நடை லூக்காவுடையது. அதோடு, அங்கே கடவுளின் வார்த்தை என்பது முதலில் இயேசுதான், நூல் அவருக்குச் சாட்சி. குர்ஆனுக்கு எதிரே விவிலியத்தை அல்ல, இயேசுவை வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

வேதத்தையும் ‘கடவுள் அருளியது’ என்று ஒரே வரியில் தாண்டியதுதான் பெரிய சறுக்கல். வேதச் சடங்குகளுக்கும் அதன் பொருளுக்கும் விளக்கம் சொல்லும் தத்துவ மரபினரான மீமாம்சகர்கள் இதை ஒப்பவே மாட்டார்கள். வேதம் அபௌருஷேயம், அதாவது யாரும் இயற்றாதது; மனிதன் மட்டுமல்ல, ஈசுவரனும் அதை இயற்றவில்லை. சொன்னவர் என்று ஒருவர் இருந்தால் பிழைக்கும் பொய்க்கும் வழி உண்டு, ஆகவே ஆளே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினரான நையாயிகர்களோ, ஈசுவரன் சொன்னதால்தான் வேதம் நம்பத்தக்கது என்று மல்லுக்கு நின்றார்கள். இந்தச் சண்டையில் பாதியாவது கட்டுரைக்குள் வந்திருக்க வேண்டாமா?

சரி, தமிழுக்கு வருவோம். ‘என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை’ என்கிறார் நம்மாழ்வார். வாய் ஆழ்வாருடையது, பாடியவன் பெருமாள். திருவாசகக் கதை இன்னும் வேடிக்கை. அந்தணர் வேடத்தில் தில்லைக்கு வந்த சிவன், மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிக்கொண்டு, அவர் சொல்லத் திருச்சிற்றம்பலமுடையான் எழுதியது என்று கையொப்பமும் இட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனாராம். சொல்வது மனிதன், எழுத்தர் கடவுள்! தமிழ்ப் பத்திரிகையில் வந்த கட்டுரை இதை விட்டதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்த பகுதி சீக்கியம் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். 1604-ல் குரு அர்ஜன் தொகுத்த சீக்கியரின் மறைநூலான ஆதி கிரந்தத்தில் குருமார்களின் வாக்கோடு கபீர், ஷேக் ஃபரீத் பாடல்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஃபரீத் போன்ற முஸ்லிம் சூஃபி ஞானி ஒருவரின் பாட்டு எப்படி அங்கே குருவின் வாக்காக வணங்கப்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் கொஞ்சம் நின்று எழுதட்டும்.

ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.