உப்புவெளிக் கரையில் கண்ட ஐயாவுக்கு நன்றி

பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்; அதனால்தான் இங்கே எழுதுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருகோணமலை உப்புவெளியில் கரைவலை இழுத்தவர்களிடையே நீலச் சாரத்துடன் நின்ற ஐயா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

அலுவலகத்தில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பாகி மூன்று மாதம். நாளும் சண்டை. குழு சேர்ந்ததும் மோதல் வரும், இணக்கமும் செயல்வேகமும் பிறகுதான் என்று அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இலேயே எழுதினார். படித்திருந்தும் மனம் ஆறவில்லை. பொறுப்பை விட்டுவிடும் எண்ணத்தோடுதான் கரைக்கு வந்தேன்.

நீங்கள் வலையின் இரு பக்கமும் ஆட்கள் இழுத்த கயிறுகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். வடக்குப் பக்கம் முந்தியதும் அவர்களை நிறுத்தினீர்கள். பின்தங்கியவர்களை ஏசவில்லை, அங்கே போய் நீங்களே கயிற்றைப் பிடித்தீர்கள். “ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும் தம்பி, மீன் போய்விடும்” என்றீர்கள்.

திங்கட்கிழமை, எப்போதும் பிந்துகிற இளைஞனின் மேசையருகே போய் அமர்ந்தேன். கணக்கு மென்பொருளை யாருமே அவனுக்குக் காட்டித் தந்திருக்கவில்லை! நானும்தான். இரண்டு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான்.

காசு வாங்காமல் பையில் போட்டுத் தந்தீர்களே, அந்த மீனை அம்மா அன்றே பொரித்தார்.