குடியிருப்போர் நலச்சங்க ஆண்டறிக்கை: வீட்டில் கடின நீர்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். மற்றப் பணிகள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவுக்கு அதிகம் வேலை வைத்தது, கால்சியமும் மக்னீசியமும் அதிகம் கரைந்த கடின நீர்தான் என்பதால், அறிக்கையும் அதைப் பற்றியே.

"சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் குறையவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். குறையாது. நீரை மென்மையாக்கும் கருவியான சாஃப்ட்னர், தன்னுள் இருக்கும் ரெசின் மணிகளில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கடினத்தன்மையை அளக்கச் சொட்டுச் சோதனை கிட் வேண்டும். மாதிரி நீரில் பஃபரும் (காரநிலையை நிலையாக வைக்கும் கரைசல்) நிறங்காட்டியும் கலந்தால் செந்நிறம் வரும். பிறகு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைக்கும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஊதா தெரிந்ததும் நிறுத்திவிட்டால் அளவு குறைத்துக் காட்டும்; சிவப்பின் சாயலே இல்லாத நீலம் வரும்வரை விட வேண்டும். கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 60 மி.கி.க்குள் என்றால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

சாஃப்ட்னர் இருந்தும் குழாயில் வெள்ளை படிகிறது என்றால், முதலில் ரீஜெனரேஷன் கணக்கை, அதாவது உப்பு நீர் விட்டு ரெசினைப் புதுப்பிக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசினுக்கு 1,250 கிராம். வரும் நீரில் லிட்டருக்கு 400 மி.கி. இருந்தால் 3,125 லிட்டரோடு ரெசினின் சக்தி தீர்ந்துவிடும். அதற்குள், 2,800 லிட்டரிலேயே உப்பு ஏற்றிவிடுவது நல்லது. நாள் கணக்கில் டைமர் வைத்தால், விருந்தினர் வந்த வாரத்தில் கணக்கு தவறிவிடும். லிட்டர் கணக்கில் ஓடும் மீட்டர் வால்வையே செயற்குழு பரிந்துரைக்கிறது.

கையால் இயக்குபவர்கள் முதலில் 10 நிமிடம் பேக்வாஷ் (நீரைக் கீழிருந்து மேலாக விட்டு ரெசினைக் கழுவுதல்) கொடுங்கள். பிறகு, மேலே சொன்ன 25 லிட்டர் ரெசினுக்கு, 4 கிலோ உப்பை 36 லிட்டர் நீரில் கரைத்து, அரை மணி நேரமாவது மெதுவாக உள்ளே விடுங்கள். அவசரப்பட்டு வேகமாக விட்டால் உப்பு ரெசினில் வேலை செய்யாமலே சாக்கடைக்குப் போய்விடும். கடைசியில், வெளிவரும் நீரில் உப்புக் கரிப்பு போகும்வரை அலசுங்கள்.

தூள் உப்பு வேண்டாம். உப்புத் தொட்டியின் அடியில் சேறுபோல் இறுகும். சுத்தமான கல் உப்பு போடுங்கள். சில சமயம் உப்பின் மேற்பரப்பு ஓடுபோலக் கெட்டிப்பட்டு, அடியில் வெற்றிடம் விழும். பார்க்கத் தொட்டி நிறைய உப்பு இருக்கும், ஆனால் கரைசலில் உப்பு ஏறாது. மாதம் ஒருமுறை மரக்கம்பால் மெல்லக் குத்திப் பாருங்கள். ரெசின் பழுப்பேறியிருந்தால் நீரில் இரும்பு இருக்கிறது. சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு 100 மி.கி. கடினத்தன்மைக்கும் லிட்டருக்கு 46 மி.கி. சோடியம் கூடுகிறது. ஆகவே குடிநீர்க் குழாய்க்கும் செடிகளுக்கும் சாஃப்ட்னர் நீரைக் கொடுக்காதீர்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இது மிக முக்கியம்.

காந்தக் கருவிகளைப் பற்றியும் கேட்டார்கள். அவை கால்சியத்தை நீரிலிருந்து நீக்குவதில்லை. சோதனையில் கடினத்தன்மை மாறாது. வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கீசரில் சூடு ஏறஏற பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படியும். படிவு மூடிய எலிமெண்ட் தன் சூட்டை நீருக்குக் கடத்த முடியாமல் எரிந்துபோகும். தேவைக்கு மேல் வெப்பநிலையை ஏற்றாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, படிவை நீக்கி, தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பாருங்கள். கம்பி கரைந்து மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

அடைத்த ஷவர் தலைக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். நீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகும். சலவைக்கல் தரையில் இதைச் சிந்தாதீர்கள், பளபளப்பு போய்விடும். எந்த அமிலத்தையும் பிளீச்சுடன் சேர்க்கவே கூடாது; நச்சான குளோரின் வாயு வரும்.

சங்கத்துக்கென ஒரு சோதனை கிட் வாங்கி வைக்கவும், மாதந்தோறும் சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை அறிவிப்புப் பலகையில் எழுதவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்